வடசென்னை மாடியில் சிவப்பு பட்டன் ரோஜா: முதலில் தண்ணீரைப் பாருங்கள்

ரோஜாச் செடி வாடினால் அக்கம்பக்கத்தில் கேட்கும் முதல் கேள்வி, "என்ன உரம் போட்டீங்க?" ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, "எந்தத் தண்ணி ஊத்துறீங்க?"

ஒரு சின்னக் கணக்கு. போர் தண்ணீரின் டிடிஎஸ் (ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்பு, மில்லிகிராமில்) 1000 என்றால், ஒரு லிட்டரில் 1 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. கோடையில் 12 அங்குலத் தொட்டிக்குத் தினமும் 2 லிட்டர் ஊற்றுகிறோம். மாதத்துக்கு 60 லிட்டர், அதாவது 60 கிராம் உப்பு. அவ்வளவும் சமையல் உப்பு இல்லை, சுண்ணாம்பு, மக்னீசியம் எல்லாம் சேர்ந்ததுதான். ஆனாலும் மேஜைக்கரண்டியில் அளந்தால் மூன்று கரண்டிக்கு மேல் வரும். தண்ணீரில் பாதி வெயிலில் போய்விடும், மீதியைச் செடி குடித்துவிடும். உப்பு மட்டும் எங்கும் போகாது. அடியில் வடியாத தொட்டியில் ஏப்ரல், மே முடிவதற்குள் வேர் ஊறுகாய் மாதிரி ஆகிவிடும். அந்த நிலையில் உரம் போட்டால், உரமும் உப்புதானே, செடியின் கதை சீக்கிரம் முடிந்துவிடும்.

அறிகுறிகள் தெளிவாகவே தெரியும். முதலில் கீழே உள்ள முதிர்ந்த இலைகளின் ஓரம் பழுப்பாகக் கருகும். தொட்டி விளிம்பிலும் மண்ணின் மேலும் வெள்ளையாகப் பூத்திருக்கும். மண்ணைத் தொட்டால் ஈரம் இருக்கும், ஆனால் மதியம் துளிர் தொங்கும். இதைப் பார்த்துத் தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஒரு சொம்பு அதே போர் தண்ணீரை ஊற்றுவதுதான் நடக்கும் பெரிய தப்பு.

மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறியது பல பத்தாண்டுகளாக இருக்கும் பிரச்சினை. கரையோரத் தெருக்களில் ஒரு வீட்டு போருக்கும் அடுத்த வீட்டு போருக்குமே உப்பு மாறும். அதனால் பேனா அளவு டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள், ஒரு நல்ல ரோஜாச் செடியின் விலைதான். 500-க்குக் கீழே காட்டினால் கவலையே இல்லை. 500-லிருந்து 1000 வரை என்றால் பின்னால் சொல்கிறபடி மாதம் இரண்டு முறை தொட்டியை அலச வேண்டும். 1000 தாண்டினால் அந்தத் தண்ணீரைத் தனியாக ரோஜாவுக்கு ஊற்றவே கூடாது.

அப்படியானால் எதை ஊற்றுவது? மெட்ரோ தண்ணீர் நல்லது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் அதைவிட நல்லது. அதில் உப்பு அநேகமாகக் கிடையாது, நம் ஊர் புழுக்கத்துக்கு ஓர் இரவில் பல லிட்டர் சேரும். அதைப் போர் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்தால் டிடிஎஸ் ஏறக்குறைய பாதியாகும். அரிசி களைந்த தண்ணீரையும், உப்பு சேர்க்காததாக இருந்தால், அன்றைக்கே ஊற்றலாம். ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் கழிவுநீரை மட்டும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். மெஷின் பிரித்தெடுத்த உப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது. மிச்சம் பிடிக்கிறோம் என்று நினைத்து அதை ரோஜாவுக்கு ஊற்றும் வீடுகள் நிறைய.

அலசுவது எப்படி என்றால், நல்ல தண்ணீர் 15 லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து ஐந்து லிட்டராக, நடுவில் பத்து நிமிடம் விட்டு, மெதுவாக ஊற்றுங்கள். முதல் ஐந்து லிட்டர் மண்ணில் இருக்கும் உப்பைக் கரைக்கும், அடுத்த இரண்டும் அதை வெளியே தள்ளும். வடியும் தண்ணீரில் மீட்டரை வைத்துப் பார்த்தால் எண் இறங்குவது தெரியும். தட்டில் தேங்கியதை உடனே கொட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் மண் அதையே திரும்ப உறிஞ்சும். உப்போடு சேர்ந்து சத்தும் வெளியே போகும் என்பதால் இரண்டு நாள் கழித்து ஒரு கைப்பிடி மண்புழு உரம் கொடுங்கள். அக்டோபர் மழை வந்துவிட்டால் இந்த வேலை அதுவாகவே நடக்கும்.

இனி செடி. இணையத்தில் பலரும் காட்டும் 'நாக் அவுட்' ரோஜா 2000-ல் அமெரிக்காவில் வந்தது, நோய் தாங்கும் குத்துச்செடி. அந்தப் பெயரைச் சொல்லி நர்சரி நர்சரியாக அலைய வேண்டாம். நம் மாடிக்கு அந்த வேலையைச் செய்கிறது சிவப்பு பட்டன் ரோஸ். ஒன்றரை அடியிலிருந்து இரண்டடி உயரம், ஒரு அங்குலம் ஒன்றரை அங்குலப் பூ, கொத்துக்கு ஐந்திலிருந்து பத்து வரை. கொஞ்சம் பெரிய பூவும், மூன்றடிக்கு மேல் வளரும் புதரும் வேண்டுமென்றால் மாலை கட்டுகிறவர்கள் வாங்கும் ஆந்திரா சிவப்பு, அதற்கு 15 அங்குலத் தொட்டி தேவை. இரண்டிலும் வாசனையை எதிர்பார்க்காதீர்கள். வாசனைக்கு பன்னீர் ரோஜாதான், ஆனால் அது இளஞ்சிவப்பு, புதரும் பெரியது, முள்ளும் அதிகம், குறுகலான மாடிப்படி ஓரத்தில் புடவையை இழுக்கும். பூங்கொத்துக் கடையில் பார்க்கும் நீளக் காம்புச் சிவப்பு ரோஜா ஒசூர் பக்கத்துப் பசுமைக்குடிலில் வளர்வது. மே மாத மொட்டை மாடியில் அதன் பூ சிறுத்து, இரண்டே நாளில் உதிர்ந்துவிடும்.

பட்டன் ரோஸிலும் ஒட்டுச்செடியைவிட போத்து (வெட்டிய குச்சி) நட்டு வந்த செடியை வாங்குங்கள். அடித்தண்டில் முண்டு மாதிரி ஒட்டு போட்ட தழும்பு இருக்கிறதா என்று நகத்தால் மண்ணை விலக்கிப் பார்த்தாலே தெரியும். போத்துச் செடி மேலே முழுக்கக் கருகினாலும் வேரிலிருந்து கிளம்புவது அதே ரோஜாதான். ஒட்டுச்செடியில் மேல்பாகம் செத்தால் கீழிருந்து வருவது ஒட்டுக்கு அடிவேராக வைத்த காட்டு ரோஜா. "செடி நல்லா வளருது, பூ மட்டும் வரலை" என்று சொல்பவர்களின் தொட்டியில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான். ஒட்டுக்குக் கீழிருந்து வேகமாக, நேராக, வேறு மாதிரி இலையோடு ஒரு கிளை வந்தால் வெட்டாதீர்கள். மண்ணை விலக்கி, கிளம்பிய இடத்திலிருந்தே பிய்த்து எடுங்கள். வெட்டினால் அதே இடத்தில் இரண்டாக வரும்.

மாதவரம் பக்கத்து நர்சரிகளிலும் தெருவில் வண்டியில் வரும் செடிகளிலும் நிறைய ஆந்திராவின் கடியத்திலிருந்தும் பெங்களூரு, ஒசூர் பக்கமிருந்தும் வருபவை. பல செடிகளின் வேரைச் சுற்றி களிமண் உருண்டை ஒன்று இருக்கும். லாரியில் வரும்போது வேரைக் காப்பாற்றுவது அதுதான். நம் வீட்டில் செடியைக் கொல்வதும் அதுதான். உருண்டையை அப்படியே நல்ல கலவைக்குள் வைத்தால் தண்ணீர் சுற்றியுள்ள லேசான மண்ணில் இறங்கிப் போய்விடும், நடுவில் உருண்டை காய்ந்து செங்கல்லாகும். மேல்மண் ஈரமாக இருக்க, செடி தாகத்தில் சாகும். இரண்டு மாதம் கழித்து செத்த செடியைப் பிடுங்கிப் பாருங்கள், ஒரு வேர்கூட உருண்டையைத் தாண்டி வெளியே வந்திருக்காது.

அதற்கு வழி இருக்கிறது. வாங்கிய செடியை ஒரு வாரம் நிழலான வெளிச்சத்தில் வையுங்கள். பிறகு கவரைக் கிழித்துவிட்டு உருண்டையை ஒரு வாளி நல்ல தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவிடுங்கள். கையால் அமுக்கினால் வெளிப்புறம் கூழாகக் கரையும். சுற்றிலும் மூன்றில் ஒரு பங்கு களிமண் போனால் போதும், வேர் நுனிகள் மீசை மாதிரி வெளியே தெரிய வேண்டும். முழுக்கக் கழுவி எடுக்கும் ஆசை வேண்டாம். ஜனவரியில் செய்தால் செடி தாங்கும், ஏப்ரலில் தாங்காது. நடுவதற்கு ஜனவரி, பிப்ரவரி முதல் தரம். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை இரண்டாம் தரம். நட்ட அன்று இருக்கும் பூ, மொட்டு எல்லாவற்றையும் கிள்ளிவிடுங்கள். மனசு வராதுதான், ஆனால் வேர் பிடிக்க வேண்டிய நேரத்தில் பூவுக்குச் சத்து போகக் கூடாது.

12 அங்குல அகலமும் ஆழமும் உள்ள தொட்டி ஏறக்குறைய 20 லிட்டர் பிடிக்கும். அதற்கான அளவு: செம்மண் 8 லிட்டர், கழுவிய கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) 4, மண்புழு உரம் 4, கரடான ஆற்று மணல் 3. இதில் வேப்பம்புண்ணாக்கு 100 கிராம், எலும்புத்தூள் 50 கிராம். எலும்புத்தூளை மேலாகத் தூவாமல் அடிப்பாதியில் கலந்துவிடுங்கள், இல்லையென்றால் இரவில் பெருச்சாளி வந்து தோண்டும். கோகோபீட்டை ஏன் கழுவச் சொல்கிறேன் என்றால், தேங்காய் மட்டையிலேயே உப்பு உண்டு. கட்டியை ஊறவைத்துப் பிழிந்தால் முதலில் டீ டிக்காஷன் நிறத்தில் வரும். நிறம் வெளிறும்வரை, இரண்டு மூன்று தடவை, நல்ல தண்ணீரில் பிழியுங்கள். போர் தண்ணீரில் கழுவினால் கழுவியதற்கே அர்த்தமில்லை. கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம். உப்பைக் கழுவி எடுத்தாலும் அதிலுள்ள சிப்பித் துகள் மண்ணில் சுண்ணாம்பை ஏற்றும். ரோஜாவுக்கு வேண்டியது லேசான புளிப்புள்ள மண், பிஹெச் (புளிப்பு, காரத்தின் அளவு) 6-லிருந்து 6.5. கட்டட வேலையில் மிஞ்சிய சிமென்ட் கலந்த மணலும் இதே காரணத்துக்காக ஆகாது.

தொட்டியை எங்கே வைப்பது என்பது நம் பகுதியில் கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம். நனைந்த தொட்டி ஒன்று 20, 25 கிலோ வரும். பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரத்தில் இன்னும் மெட்ராஸ் டெரஸ் வீடுகள் இருக்கின்றன, தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல்லை நிறுத்தி வைத்துச் சுண்ணாம்புக் காரை போட்டவை. அதன் நடுவில் பத்துத் தொட்டி வரிசையாக வைக்கக் கூடாது. கீழே சுவர் போகும் கோட்டின் மேல், கைப்பிடிச் சுவரை ஒட்டி வையுங்கள். கான்கிரீட் மாடியானாலும் தொட்டிக்கு அடியில் இரண்டு செங்கல் கட்டாயம். தரைச் சூடு வேருக்கு ஏறாது, வடிகால் ஓட்டை அடைக்காது, கீழ்வீட்டுச் சீலிங்கும் ஒழுகாது. கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியின் மேற்குப் பக்கத்தில் மே மாதம் நான்கு மணிக்குக் கை வைத்துப் பாருங்கள், எடுத்துவிடுவீர்கள். அந்தச் சூட்டில் தொட்டிச் சுவரை ஒட்டிய வேர் வெந்துவிடும். வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கலாம், அல்லது பெரிய காலித் தொட்டிக்குள் இதை இறக்கி வைக்கலாம்.

வெயில் ஆறு மணி நேரமாவது வேண்டும், அதில் காலை வெயில் அதிகமாக இருந்தால் நல்லது. சந்து வீடுகளில் நான்கு மணி நேரம்தான் கிடைக்கும் என்றாலும் பட்டன் ரோஸ் பூக்கும், கொத்து மட்டும் சிறியதாக இருக்கும். ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை மதியத்துக்கு மேல் 35 சதவீத நிழல்வலை கட்டுங்கள். கடலை நேரே பார்க்கும் மாடிகளில் காற்றோடு உப்பு வந்து இலையில் படியும். எண்ணூர், மணலி பக்கம் கரித்தூசும் சேர்ந்துகொள்ளும். வாரம் இரண்டு நாள் விடியற்காலையில் நல்ல தண்ணீரால் இலையின் மேலும் கீழும் அலசினால் போதும். சாயங்காலம் வேண்டாம். கரும்புள்ளி நோய்க்கு இலை தொடர்ந்து ஏழு மணி நேரம் நனைந்திருந்தால் போதும், காலையில் நனைத்தால் எட்டரைக்கெல்லாம் காய்ந்துவிடும்.

உரத்தில் பெரிய சூட்சுமம் கிடையாது. நட்ட ஒரு மாதம் எதுவும் வேண்டாம். பிறகு மாதம் ஒருமுறை மண்புழு உரம் 200 கிராம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை கடலைப்புண்ணாக்குக் கரைசல்: 50 கிராமை ஒரு லிட்டரில் மூன்று நாள் ஊறவைத்து, பத்து லிட்டராக்கி, செடிக்கு அரை லிட்டர். எப்போதும் ஈர மண்ணில்தான் ஊற்ற வேண்டும். காசிமேடு பக்கத்தில் இருப்பவர்களுக்கு மீன் அமிலம் சுலபம். மீன் கழிவும் வெல்லமும் சம எடை, மூடிய வாளியில் 21 நாள், வடித்தால் தேன் நிறத்தில் வரும், சரியாக ஆகியிருந்தால் நாற்றம் இருக்காது. கழிவை முதலில் நல்ல தண்ணீரில் இரண்டு முறை கழுவுங்கள், கடல் தண்ணீரோடு போட்டால் உரத்தோடு உப்பும் சேரும். லிட்டருக்கு 5 மில்லிக்கு மேல் தெளிக்க வேண்டாம். யூரியா, டிஏபி இந்தச் சின்னத் தொட்டிக்கு அவசியமில்லை. எப்சம் சால்ட்டையும் (மக்னீசியம் சல்பேட்) கரண்டி கரண்டியாக மண்ணில் போடாதீர்கள், அதுவும் உப்புதான். குறையிருந்தால் லிட்டருக்கு ஒரு கிராம் கலந்து இலைமேல் தெளித்தால் போதும். பால் ஊற்றிய டீத்தூளால் எறும்புதான் வரும், எறும்பு பின்னாலேயே மாவுப்பூச்சியைக் கொண்டுவரும்.

இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இருக்கும், கடினத் தண்ணீர் பிஹெச்சை ஏற்றி அதைப் பூட்டி வைத்திருக்கும். இரும்பு ஈடிடிஏ தூள் லிட்டருக்கு அரை கிராம், சாயங்காலத்தில் இலைமேல் தெளியுங்கள். மண்ணில் போட்டால் அதுவும் பூட்டிக்கொள்ளும்.

கவாத்துக்கு, அதாவது கிளைகளை வெட்டிவிடுவதற்கு, நம் ஊரில் டிசம்பர் கடைசி வாரம். பொங்கலுக்குப் பூ வேண்டுமென்று பலர் நவம்பர் கடைசியில் வெட்டுவார்கள், கணக்கு சரிதான், வெட்டியதிலிருந்து 40, 45 நாளில் பூ. ஆனால் வடகிழக்குப் பருவமழையில் வெட்டுக்காயம் காயாது, நுனியிலிருந்து கறுத்து இறங்கும். மழை ஓய்ந்தபின் வெட்டினால் பிப்ரவரி நடுவில் செடி முழுக்கச் சிவப்பு. பட்டன் ரோஸை மொட்டை அடிக்க வேண்டாம், உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு, காய்ந்த குச்சிகள், உள்நோக்கி வளரும் கிளைகள், இவை போனால் போதும். வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக வெட்டி, பென்சில் கனத்துக்கு மேலான வெட்டில் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சை மருந்தைக் குழைத்துத் தடவுங்கள். ஏற்கெனவே நுனி கறுத்திருந்தால் கறுப்புக்கு இரண்டு அங்குலம் கீழே, உள்ளே வெள்ளைப் பச்சையாகத் தெரியும் இடத்தில் வெட்டுங்கள். வெட்டின் நடுவில் பழுப்புப் பொட்டு தெரிந்தால் இன்னும் கீழே போக வேண்டும்.

வெள்ளிக்கிழமை பூஜைக்குப் பூவைக் கையால் கிள்ளும் பழக்கத்தையும் மாற்றுங்கள். கழுத்தோடு கிள்ளினால் மிஞ்சும் காம்பு காய்ந்து கிளைக்குள் இறங்கும், அடுத்த துளிரும் மெலிதாக வரும். கத்தரியால் இரண்டு இலை சேர்த்து வெட்டினால் அதற்குக் கீழ்க்கணுவிலிருந்து கனமான துளிர் வரும். கொத்தாகப் பூத்தது முடிந்ததும் கொத்தோடு சேர்த்து அதே மாதிரி வெட்டுங்கள். வருடம் முழுக்கப் பூக்க வைப்பது பெரும்பாலும் இந்த ஒரு வேலைதான்.

பூச்சிகளில் ஒன்றைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், செஞ்சிலந்தி. மார்ச்சிலிருந்து ஜூன் வரை, வெயிலும் வறட்சியும் சேர்ந்தால் வரும். இலை மேல்பக்கம் ஊசியால் குத்தியது போல வெளிர்ப்புள்ளிகள், பிறகு செம்பு நிறம், பிறகு நுனிகளில் மெல்லிய வலை. ஒரு வெள்ளைக் காகிதத்தை இலைக்கடியில் பிடித்து இரண்டு தட்டு தட்டுங்கள். விழுந்த தூசியில் மிளகாய்த்தூள் மாதிரிப் புள்ளிகள் நகர்ந்தால் அதுதான். இது பூச்சி இனமில்லை, சிலந்தி இனம். இமிடாகுளோபிரிட் போன்ற பூச்சிமருந்து இதைக் கொல்லாது, அதைப் பிடித்துத் தின்னும் நல்ல பூச்சிகளைக் கொன்று இதைப் பெருக வைக்கும். தண்ணீர்தான் மருந்து. மூன்று நாள் தொடர்ந்து காலையில் இலையின் அடிப்பக்கத்தை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். கோடையில் ஒரு வாரத்தில் அடுத்த தலைமுறை வந்துவிடும், ஆகவே மூன்று நாளுக்கு ஒருமுறையாக மூன்று வாரம் தொடர வேண்டும். அதற்கும் அடங்கவில்லை என்றால் வேப்பெண்ணெய் 5 மில்லி, காதி சோப்புக் கரைசல் சில சொட்டு, ஒரு லிட்டர் தண்ணீர், வெயில் இறங்கியபின். மதியத்தில் எண்ணெய் தெளித்தால் இலை பொரிந்துவிடும்.

மொட்டு விரியாமல் ஓரம் பழுப்பாகி நின்றால் இலைப்பேன். அந்த மொட்டுகளைக் கிள்ளிக் கவரில் கட்டிப் போடுங்கள், தொட்டியில் விழவிடாதீர்கள். நீல ஒட்டும் அட்டை ஒன்று பக்கத்தில் தொங்கட்டும். நவம்பரில் இலையில் கறுப்பு வட்டமும் சுற்றி மஞ்சளும் வந்தால் கரும்புள்ளி. உதிர்ந்ததையும் உதிரப்போவதையும் பொறுக்கி எடுங்கள், தொட்டிகளை ஓரடி இடைவெளியில் நகர்த்துங்கள், அடங்காவிட்டால் கார்பண்டசிம் என்ற பூஞ்சை மருந்து லிட்டருக்கு 1 கிராம். 2016 வர்தா, 2023 மிக்ஜாம் மாதிரிப் புயல் எச்சரிக்கை வந்தால் தொட்டிகளைக் கைப்பிடிச் சுவரின் உள்மூலையில் நெருக்கமாக இறக்கி வையுங்கள். அதைவிட முக்கியம், முந்தின நாளே ஒவ்வொரு வடிகால் ஓட்டையிலும் குச்சி விட்டுப் பார்ப்பது. காற்றில் ஒடிந்த செடி திரும்பத் துளிர்க்கும், இரண்டு நாள் தண்ணீரில் நின்ற வேர் திரும்பாது.

டிசம்பர் கடைசியில் கவாத்து செய்த குச்சிகளை வீசாதீர்கள். பூத்து முடிந்த கிளையில் ஆறு அங்குலம், நான்கு கணு, கீழ்வெட்டு கணுவுக்குச் சற்றுக் கீழே. மேலே இரண்டு இலை மட்டும் விட்டு, பாதி மணலும் பாதி கழுவிய கோகோபீட்டுமாக நிரப்பிய டம்ளரில் இரண்டு கணு புதையும்படி செருகுங்கள். அடியை வெட்டிய தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து மூடி, வெயில் படாத வெளிச்சத்தில் வைத்துவிடுங்கள். ஊற்றுவது ஏசி தண்ணீராகவே இருக்கட்டும். பத்து நாளில் துளிர் வரும், அதைப் பார்த்து வேர் பிடித்துவிட்டது என்று நினைத்துப் பாட்டிலை எடுத்துவிடாதீர்கள். குச்சியில் சேமித்து வைத்த சத்தில் வரும் துளிர் அது. வேருக்கு நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். இழுத்துப் பார்க்காமல், டம்ளர் அடி ஓட்டையில் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும்வரை விட்டுவிடுங்கள்.